எந்த விரல் மரத்துப்போகுது, அதை முதல்ல சொல்லுங்க

போன இதழ்ல, கம்ப்யூட்டர் வேலையால கை வலிக்கறவங்க எழுதுங்கன்னு கேட்டிருந்தோம். வந்த கடிதம், மெயில், வாட்ஸ்அப் எல்லாத்தையும் உக்காந்து படிச்சேன், பாதிக்கு மேல ஒரே கேள்விதான், "எந்த மவுஸ் வாங்கலாம்?" நான் பிசியோதெரபிஸ்ட், பதினெட்டு வருஷமா கை, தோள்பட்டை நோயாளிங்களைத்தான் அதிகமா பாக்கறேன். என்கிட்ட நேர்ல வர்றவங்ககிட்டயும் மவுஸ் பேச்சை நான் கடைசிலதான் எடுப்பேன். எங்க வலிக்குது, எந்த விரல் மரக்குது, ராத்திரியா பகலா, இதெல்லாம் தெரியாம மவுஸ் சொல்றது பவர் செக் பண்ணாம கண்ணாடி குடுக்கற மாதிரி. அதனால இங்கயும் அந்த வரிசைலதான் பதில் சொல்லியிருக்கேன். யார் பேரும் போடலை, ஊர் மட்டும்.

மேடம், எனக்கு 36 வயசு. திருப்பூர்ல ஒரு பனியன் கம்பெனில அக்கவுண்ட்ஸ் பாக்கறேன்ங்க. காலைல 9 மணிலேர்ந்து சாயந்தரம் 7 வரைக்கும் டேலியும் எக்ஸெலும்தான். ரெண்டு மாசமா ராத்திரி வலது கை மரத்துப்போய் முழிப்பு வந்துடுது, எந்திரிச்சு உதறினா சரியாகுது. மெடிக்கல்ல கேட்டா நரம்பு வீக்னெஸ்னு பி காம்ப்ளக்ஸ் குடுத்தாங்க. ஆபீஸ்ல ஒரு தம்பி, நிமிந்து நிக்கற மவுஸ் இருக்கு, அதை வாங்குங்கக்கான்னு சொல்றான். வாங்கட்டுங்களா? – வாசகி, திருப்பூர்

ராத்திரி முழிப்பு வருது, உதறினா சரியாகுதுன்னு எழுதியிருக்கீங்க பாருங்க, டாக்டர்கிட்ட போனாலும் இதே வார்த்தைல சொல்லுங்க, பாதி விஷயம் அதுலயே அவங்களுக்குப் புரிஞ்சிடும். ஆனா எந்த விரல்னு எழுதலையேம்மா. இன்னைக்கு ராத்திரி முழிப்பு வந்தா லைட்டைப் போட்டு ஒவ்வொரு விரலா தொட்டுப் பாருங்க. கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரல்ல பாதி, இதெல்லாம் மரத்துப்போய் சுண்டுவிரல் மட்டும் நல்லா இருந்தா அது பெரும்பாலும் கார்பல் டனல்தான், அதாவது மணிக்கட்டுக்குள்ள நரம்பு நெரியற தொந்தரவு. சுண்டுவிரலும் மோதிர விரலும் மட்டும் மரத்தா அது வேற நரம்பு, அது முழங்கைக்குப் பின்னாடி ஓடுது, மேஜை ஓரத்துல முழங்கையை ஊணி வேலை பாக்கறவங்களுக்கு வர்றது. அதுக்கு மணிக்கட்டைப் பாத்துப் பிரயோஜனமில்லை.

மணிக்கட்டுல எட்டு சின்ன எலும்பு சேந்து ஒரு பள்ளம் மாதிரி இருக்கும், அதுக்கு மேல ஒரு தடிமனான தசைநார் மூடி போட்ட மாதிரி போகும். அந்த இடுக்கு வழியாத்தான் விரலை மடக்கற ஒன்பது டெண்டனும் (தசையை எலும்போட கட்டற கயிறு) மீடியன் நரம்பும் போகுது. உள்ள கொஞ்சம் வீக்கம் வந்தா டெண்டன் தாங்கிக்கும், நரம்பு தாங்காது. தூங்கும்போது நம்மளை அறியாம மணிக்கட்டை மடக்கி கன்னத்துக்கு அடில வெச்சுப் படுக்கறோம், அப்ப இன்னும் நெரியும், அதான் ராத்திரி முழிப்பு.

இப்ப மவுஸுக்கு வர்றேன். டென்மார்க்ல ஆயிரக்கணக்கான கம்ப்யூட்டர் ஊழியர்களை ஒரு வருஷம் தொடர்ந்து பாத்து 2003ல ஒரு ஆய்வு வெளியிட்டாங்க. கீபோர்டுக்கும் கார்பல் டனல் தொந்தரவுக்கும் சம்பந்தம் தெரியலை, வாரத்துக்கு 20 மணி நேரத்துக்கு மேல மவுஸ் பிடிச்சவங்களுக்கு மட்டும் கொஞ்சம் கூடுதலா இருந்துச்சு, ஆனா மொத்தத்துல கம்ப்யூட்டர் ஒண்ணும் பெரிய காரணம் இல்லைன்னுதான் முடிச்சாங்க. உங்க கணக்குக்கு வாரத்துக்கு 20 மணி நேரம் ரெண்டு மூணு நாள்லயே வந்துடும், அதனால மவுஸை விட்டுடலாம்னு நான் சொல்லலை, ஆனா அது ஒண்ணுலயே எல்லாப் பழியையும் போட்டுட்டு உள்ள இருக்கற காரணத்தைக் கோட்டை விட்டுடக்கூடாது. தைராய்டு குறைவா இருந்தா வரும், சர்க்கரை இருந்தா வரும், கர்ப்பத்துல வரும், உடம்பு எடை ஏறினா வரும், ஆம்பளைங்களை விட பொம்பளைங்களுக்கு அதிகமாவே வரும். தைராய்டுக்கு டிஎஸ்ஹெச், சர்க்கரைக்கு ஹெச்பிஏ1சி, அப்புறம் பி12, இந்த மூணு ரத்தப் பரிசோதனையும் இந்த வாரமே பண்ணிடுங்க. தைராய்டு மாத்திரை ஆரம்பிச்சதுலயே கை மரப்பு நின்னவங்களை நான் பாத்திருக்கேன். பி காம்ப்ளக்ஸ் உங்க நரம்பை நெரிக்கறதை எடுத்துவிடாது. பி12 நிஜமாவே குறைவா இருந்தா டாக்டர் சொல்ற அளவுல எடுங்க, சும்மா மெடிக்கல்ல குடுத்ததைத் தின்னுக்கிட்டு ரெண்டு மாசம், நாலு மாசம்னு தள்ளாதீங்க.

நிமிந்து நிக்கற மவுஸ், அதான் வெர்டிகல் மவுஸ், அதைப் பத்தி 2015ல ஒரு ஆய்வு வந்துச்சு. ஏற்கெனவே கார்பல் டனல் இருக்கறவங்களோட மணிக்கட்டு உள்ள அழுத்தம் எவ்வளவுன்னு அளந்தே பாத்தாங்க. வெர்டிகல் மவுஸ் பிடிச்சப்ப மணிக்கட்டு பக்கவாட்டுல வளையறது குறைஞ்சது, ஆனா உள்ள இருக்கற அழுத்தம் குறையலை. அதனால உங்க பிரச்சனைக்கு அது மருந்து இல்லைம்மா. பிடிக்க சுகமா இருந்தா வாங்கிக்கோங்க, குணமாயிடும்னு நம்பி வாங்காதீங்க. அந்தக் காசுல முதல்ல ராத்திரி போட்டுக்கற மணிக்கட்டு ஸ்பிளிண்ட், அதாவது மணிக்கட்டை மடங்காம பிடிக்கற பட்டை வாங்குங்க, சில நூறு ரூபாய்தான், சர்ஜிக்கல் கடைல கிடைக்கும். ஒரு விஷயம் கவனிங்க, அதுக்குள்ள இருக்கற தகடு பெரும்பாலும் மணிக்கட்டை மேல தூக்கின மாதிரி வளைச்சு வரும், அதை வெளிய எடுத்து கிட்டத்தட்ட நேரா நிமித்திட்டு மறுபடி சொருகுங்க, கை நேரா இருந்தாத்தான் நரம்புக்கு இடம் கிடைக்கும். இறுக்கிக் கட்டாதீங்க. ஆறு வாரம் விடாம தினம் ராத்திரி போடுங்க.

ஆபீஸ்ல மவுஸை விட்டு கையை எடுக்க வழி பாருங்க. டேலில உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை, எஃப் 5 பேமெண்ட், எஃப் 6 ரெசீப்ட், எஃப் 8 சேல்ஸ், எஃப் 9 பர்ச்சேஸ், கன்ட்ரோல் ஏ அடிச்சா சேவ், அது கீபோர்டுக்குன்னே செஞ்ச சாஃப்ட்வேர். கை வலியோட வர்ற அக்கவுண்ட்ஸ் ஆளுங்க நிறைய பேர் எக்ஸெல்லதான் மாட்டிக்கறாங்க, ஆயிரம் வரி கீழ போறதுக்கு வீலை உருட்டிக்கிட்டே இருக்காங்க. கன்ட்ரோலோட கீழ் அம்புக்குறி அடிங்க, கடைசி வரிக்கே போயிடும். செல்லைத் திருத்த டபுள் கிளிக் வேண்டாம், எஃப் 2 போதும். கூட்டறதுக்கு ஆல்ட்டோட சமக்குறி. இந்த மூணை மட்டும் ஒரு வாரம் பழகுங்க. ஆறு வாரத்துல குறையலைன்னா, இல்லை கட்டைவிரல் பிடி தளருதுன்னா எலும்பு டாக்டர், இல்லை நரம்பு டாக்டர்கிட்ட போய், நரம்புல சிக்னல் எப்படி ஓடுதுன்னு பாக்கற நர்வ் கண்டக்‌ஷன் டெஸ்ட் எடுக்கணும்.

அக்கா, ஐடி, வயசு 29, வொர்க் ஃப்ரம் ஹோம். எனக்கு மரத்தெல்லாம் போகலை. வலது முழங்கை வெளிப்பக்கம் வலி, காபி டம்ளரைத் தூக்கினாலே சுரீர்னு இழுக்குது. டென்னிஸ் எல்போன்னு சொல்றாங்க, நான் டென்னிஸ் ராக்கெட்டைத் தொட்டதே இல்லை. நிறைய ரிவ்யூ பாத்து லாஜிடெக் எம்எக்ஸ் வெர்டிகல் வாங்கினேன், ஒரு மாசம் ஆச்சு, இப்ப தோள்பட்டையும் சேந்து வலிக்குது. டைனிங் டேபிள்லதான் லேப்டாப் வெச்சு வேலை பாக்கறேன். மவுஸ் சரியில்லையா, நான் சரியில்லையா? – வாசகர், சோழிங்கநல்லூர்

தம்பி, ரெண்டும் இல்லை, டைனிங் டேபிள்தான் சரியில்லை. ஆனா முதல்ல முழங்கையைப் பாத்துடுவோம்.

இடது கையை வலது முன்கை மேல, முழங்கைக்கு நாலு விரல் கீழ வைங்க. இப்ப வலது ஆள்காட்டி விரலை மட்டும் மேல தூக்குங்க. உள்ள தசை நெளியறது கைல தெரியுதா? விரலையும் மணிக்கட்டையும் மேல தூக்கற தசைங்கள்ல பெரும்பாலானது முழங்கை வெளிப்பக்க எலும்புக் குமிழ்லதான் போய் ஒட்டியிருக்கு. மவுஸ் பிடிக்கறவங்கள்ல நிறைய பேர் கிளிக் பண்ணாத நேரத்துலயும் விரலை பட்டன் மேல படாம ஒரு நூல் தூக்கியே வெச்சிருப்பாங்க, தெரியாம கிளிக் ஆயிடுமோன்னு. படிக்கும்போதும் மீட்டிங் கேக்கும்போதும்கூட அப்படியே. பாரம் ஒண்ணும் இல்லைதான், ஆனா எட்டு மணி நேரம் அந்தத் தசைக்கு விடுதலையே கிடையாது. பாரம் தூக்கறவனாவது மூட்டையை இறக்கி வெச்சுட்டு மூச்சு விடுவான். அதனால உங்களுக்கு நான் சொல்ற முதல் மாத்தம் காசில்லாதது, கிளிக் பண்ணலைன்னா மவுஸ்லேர்ந்து கையை எடுத்து மடில வைங்க. ஸ்கிரீன்ல படிச்சுக்கிட்டிருக்கும்போது கை மவுஸ் மேல இருக்க வேண்டிய அவசியமே இல்லை, ஒரு நாள் இதை மட்டும் கவனிச்சுப் பாருங்க, எத்தனை தடவை சும்மாவே பிடிச்சுக்கிட்டிருந்தோம்னு உங்களுக்கே ஆச்சரியமா இருக்கும்.

வெர்டிகல் மவுஸ் உங்க கேஸுக்குத் தப்பான தேர்வு இல்லை. சாதா மவுஸ்ல உள்ளங்கை தரையைப் பாத்திருக்கும், அப்ப முன்கைல இருக்கற ரெண்டு எலும்பும் ஒண்ணு மேல ஒண்ணு குறுக்கா வந்து நிக்கும். எம்எக்ஸ் வெர்டிகல்ல 57 டிகிரி சாய்வு, கை குலுக்கறதுக்கு நீட்டின மாதிரி வந்துடும், முறுக்கு குறையும். ஆனா இதுல மணிக்கட்டால சின்னதா ஆட்ட முடியாது, முழுக்கையும் நகரணும், நகரற வேலை தோள்பட்டைக்குப் போயிடுது. பாயிண்டர் ஸ்பீடு பழைய மவுஸுக்கு வெச்ச மாதிரியே இருந்தா ஸ்கிரீனைக் கடக்க ஒரு முழம் இழுக்க வேண்டியிருக்கும், அதை ஏத்திவிடுங்க. அது கொஞ்சம் பெரிய மவுஸ் வேற. கை சின்னதா இருந்தா அதே கம்பெனில லிஃப்ட்னு ஒண்ணு இருக்கு, சின்ன கைக்கும் நடுத்தரக் கைக்கும் செஞ்சது. மணிக்கட்டு ரேகைலேர்ந்து நடுவிரல் நுனி வரைக்கும் ஸ்கேல் வெச்சு அளந்து பாத்துட்டு வாங்கணும், ரிவ்யூ எழுதினவரோட கை உங்க கை இல்லை.

தோள்பட்டை வலிக்கு மெயின் காரணம் உயரம். டைனிங் டேபிள் ஏறக்குறைய 75 சென்டிமீட்டர் உயரம் இருக்கும், சாப்பாட்டு நாற்காலில உக்காந்தா முழங்கை அதுக்குக் கீழ போயிடும், அப்ப தோளைத் தூக்கித்தான் மவுஸைப் பிடிக்கணும். நாற்காலில தலகாணியோ மடிச்ச ஜமுக்காளமோ போட்டு உசத்துங்க, முழங்கை மேஜை மட்டத்துக்கு வரணும், கால் தொங்கினா கீழ ஒரு மணை போட்டுக்கோங்க. லேப்டாப்பை நாலு தடிப் புத்தகம் மேல ஏத்தி கண்மட்டத்துக்குக் கொண்டுவாங்க, கீபோர்டு தனியா. கீபோர்டு வாங்கும்போது நம்பர் பேட் இல்லாத சின்னதா வாங்குங்க, நம்பர் பேட் இருந்தா மவுஸ் அவ்வளவு தூரம் தள்ளிப் போயிடும், கை நாள் முழுக்க வெளிப்பக்கமா நீண்டே இருக்கும். முன்கை முழுசும் மேஜை மேல பாரம் இறங்கிக் கிடக்கணும். வெர்டிகல் மாதிரி வேற வடிவ மவுஸும், கைக்கு இப்படி ஒரு தாங்கலும் சேந்தா கழுத்து, தோள்பட்டைத் தொந்தரவு குறையுதுன்னு பல ஆய்வுகளைச் சேத்துப் பாத்தவங்க சொல்லியிருக்காங்க. மவுஸை மட்டும் மாத்தினா அவ்வளவு பலன் தெரியலை.

முழங்கைக்குப் பயிற்சி ஒண்ணு சொல்றேன். அரை லிட்டர் தண்ணி பாட்டிலை உள்ளங்கை கீழ பாக்க பிடிங்க, முன்கை மேஜை மேல, மணிக்கட்டு ஓரத்துக்கு வெளிய. இடது கையால வலது கையை மேல தூக்கி விடுங்க, அப்புறம் இடது கையை எடுத்துட்டு பாட்டிலை ரொம்ப மெதுவா, நாலு அஞ்சு எண்ற வரைக்கும் கீழ இறக்குங்க. பதினஞ்சு தடவை, கொஞ்சம் ஓய்வு, மறுபடி பதினஞ்சு. லேசா வலிச்சா பரவாயில்லை, மறுநாள் வரைக்கும் வலி நின்னா பாட்டில்ல தண்ணியைக் குறைங்க. ரெண்டு மூணு மாசம் ஆகும், பொறுமை வேணும். சீக்கிரம் சரியாகணும்னு ஸ்டீராய்டு ஊசிக்குப் போயிடாதீங்க. ஊசி போட்டா சில வாரம் அருமையா இருக்கும், ஆனா ஒரு வருஷம் கழிச்சுப் பாத்தா ஊசி போடாதவங்கதான் நல்லா இருந்தாங்கன்னு ஆஸ்திரேலியாவுல நடந்த ஆய்வுகள்ல தெளிவா தெரிஞ்சது.

ஜெல் வெச்ச மவுஸ் பேட் வாங்கினேன், மணிக்கட்டை அது மேல வெச்சா மெத்துன்னு இருக்கு. நல்லதுதானே? – வாசகர், நாகர்கோவில்

வேலைக்கு நடுவுல கையை ஓய்வா வைக்க நல்லது. மவுஸை நகர்த்தும்போது மணிக்கட்டை அது மேல ஊணிக்கிட்டு ஆட்டினீங்கன்னா, மேல சொன்ன அந்த நரம்பு இருக்கற இடத்துலயே அழுத்திக்கிட்டு கையைப் பக்கவாட்டுல திருகறீங்கன்னு அர்த்தம். உள்ளங்கையோட அடிமேடு படலாம், மணிக்கட்டு படக்கூடாது. ஜெல் கட்டி ரொம்ப உயரமா இருந்தா எடுத்துடுங்க.

மேடம், குழந்தை பிறந்து ஏழு மாசம். வீட்லேர்ந்தே கன்டென்ட் ரைட்டிங் பண்றேன். கை வலிக்குதுன்னு என் வீட்டுக்காரர் ட்ராக்பால் மவுஸ் வாங்கித் தந்தார், கட்டைவிரலால உருண்டையை உருட்டறது. அதுக்கப்புறம்தான் வலி அதிகமாயிடுச்சு, கட்டைவிரல் அடில மணிக்கட்டு ஓரமா, குழந்தையைத் தூக்கும்போது உயிர் போகுது. – வாசகி, மதுரை

உங்க வீட்டுக்காரர் அக்கறையாத்தான் வாங்கியிருக்கார், ஆனா இந்த வலிக்கு அந்த மவுஸ் நேர் எதிரி. கட்டைவிரலை விரிக்கற ரெண்டு டெண்டன் மணிக்கட்டு ஓரத்துல ஒரே உறைக்குள்ள போகுது, அந்த உறை தடிச்சு இறுகிப்போனா வர்ற வலிதான் இது. டி க்வெர்வேன்னு சுவிட்சர்லாந்து சர்ஜன் ஒருத்தர் 1895ல இதைப் பத்தி எழுதினார், அதனால அவர் பேர்லயே சொல்றோம். கைக்குழந்தை வெச்சிருக்கற அம்மாக்களுக்கு ரொம்ப சகஜமா வரும். குழந்தையோட ரெண்டு அக்குள்லயும் கட்டைவிரலை அகலமா விரிச்சுக் கொடுத்துத் தூக்கறோமில்லை, ஒரு நாளைக்கு அம்பது தடவை, குழந்தை மாசத்துக்கு மாசம் கனம் ஏறிக்கிட்டே போகுது. அதுக்கு மேல ஃபோன்ல கட்டைவிரலால டைப் பண்றோம், அதுக்கும் மேல கட்டைவிரல் ட்ராக்பால். பாவம் அந்த ரெண்டு டெண்டன்.

குழந்தையைத் தூக்கும்போது ஒரு கையை பின்பக்கத்துக்கு அடில, ஒரு கையை முதுகுக்கு அடில, உள்ளங்கை மேல பாக்க, முறத்துல அள்ளற மாதிரி அள்ளித் தூக்குங்க, கட்டைவிரல் மத்த விரலோட ஒட்டியே இருக்கட்டும். ஸ்பிளிண்ட் வாங்கினா கட்டைவிரலையும் சேத்துப் பிடிக்கறது வாங்கணும், வெறும் மணிக்கட்டு பெல்ட் இதுக்குப் பயனில்லை. ட்ராக்பால்தான் வேணும்னா உருண்டை நடுவுல இருக்கற வகை பாருங்க, கென்சிங்டன் எக்ஸ்பர்ட் மவுஸ் மாதிரி, பெரிய உருண்டை, ஆள்காட்டி நடுவிரலால உருட்டறது, கட்டைவிரல் சும்மா இருக்கும். அதுவரைக்கும் சாதா மவுஸே தேவலை. ஃபோனைக் கீழ வெச்சுட்டு ஆள்காட்டி விரலால அடிங்க, இல்லை ஜிபோர்டுல தமிழ் வாய்ஸ் டைப்பிங் இருக்கு, பேசினா எழுதிக்கும், முதல் வரைவுக்கு அது போதும். மூணு நாலு வாரத்துல குறையலைன்னா டாக்டர்கிட்ட போங்க. டென்னிஸ் எல்போவுக்கு ஊசி வேண்டாம்னு மேல சொன்னேன், இதுக்கு அப்படி இல்லை, சரியான இடத்துல போட்ட ஊசி நிறைய பேருக்கு நல்லாவே கேக்குது. தாய்ப்பால் குடுக்கறீங்கன்னு டாக்டர்கிட்ட மறக்காம சொல்லிடுங்க, வலி மாத்திரை எதுவும் நீங்களா வாங்காதீங்க.

ஒரு பத்திரிகைல சப் எடிட்டர். எனக்கு மவுஸ் இல்லை, கீபோர்டுதான் பிரச்சனை. ஃபொனெடிக்ல, அதாவது ஆங்கில எழுத்துல உச்சரிப்பை அடிச்சு தமிழ் வரவைக்கறேன், இடது சுண்டுவிரல் வலிக்குது. – வாசகர், சென்னை

ண, ள, ற எல்லாத்துக்கும் ஷிஃப்டை அழுத்தறீங்களே, தமிழ்ல அந்த மூணும் இல்லாம ஒரு வரி உண்டா? தமிழ்99 பழகுங்க. 1999ல தமிழ்நாடு அரசு அங்கீகரிச்ச கீபோர்டு லேஅவுட், உயிர் இடது கைக்கு, மெய் பெரும்பாலும் வலது கைக்கு, ரெண்டு கையும் மாறி மாறி வேலை பாக்கும், கிரந்த எழுத்துக்குத்தான் ஷிஃப்ட், மத்த எழுத்துக்குத் தேவையில்லை. "அம்மா"ன்னு அடிக்க நாலு தட்டு, புள்ளி தானா விழும். டெட்லைன் நேரத்துல பழக ஆரம்பிக்காதீங்க, வேலை இல்லாத நேரத்துல தினம் இருபது நிமிஷம்.

சேலத்துல டேட்டா என்ட்ரி சென்டர் வெச்சிருக்கேன், 14 பேர் வேலை பாக்கறாங்க, பெரும்பாலும் பொண்ணுங்க. நாலஞ்சு பேர் கை வலின்னு லீவு போடறாங்க. எல்லாருக்கும் எர்கோ மவுஸ் வாங்கிக் குடுத்துடலாமான்னு பாக்கறேன். – வாசகர், சேலம்

கேக்கணும்னு தோணினதே பெரிய விஷயம் சார், நிறைய முதலாளிங்க லீவுல பிடிச்சுட்டு விட்டுடறாங்க. ஆனா 14 ஒரே மாதிரி மவுஸ் வாங்காதீங்க. பொண்ணுங்க கை சின்னது, பெரிய வெர்டிகல் மவுஸ் குடுத்தா எட்டி எட்டிப் பிடிச்சு இன்னும் வலி வரும். சின்ன வெர்டிகல் ஒண்ணு, பெரிசு ஒண்ணு, நடுவுல உருண்டை வெச்ச ட்ராக்பால் ஒண்ணு, ரெண்டு கைக்கும் பொருந்தற சாதா மவுஸ் ஒண்ணு, நாலு மட்டும் வாங்கி ஆளுக்கு ஒரு வாரம் சுத்துல விடுங்க. யாருக்கு எது ஒத்துப்போகுதோ அப்புறம் அதை வாங்கலாம். அதுக்கு முன்னாடி நாற்காலி உயரம் ஏறி இறங்குதான்னு பாருங்க. கேஸ் போன நாற்காலி எல்லா சென்டர்லயும் இருக்கு, அதுல உக்காந்தவங்களுக்கு எந்த மவுஸும் உதவாது.

இன்னொண்ணு, நீங்க எழுதாததை நானே கேக்கறேன், சம்பளம் என்ட்ரி எண்ணிக்கைக்கா? அப்படி இருந்தா வலிக்குப் பெரிய காரணம் அங்கதான் இருக்கும். 1713லயே இத்தாலில ராமஸ்ஸினின்னு ஒரு டாக்டர், கணக்குப்பிள்ளைங்களுக்கும் எழுத்தர்களுக்கும் வர்ற நோய்க்கு மூணு காரணம் எழுதி வெச்சார், உக்காந்தே இருக்கறது, கை ஒரே மாதிரி ஓயாம அசையறது, தப்பு வந்துடக்கூடாதுன்னு மனசு இறுகி இருக்கறது. மவுஸ் இல்லை, கரண்ட்டே இல்லை, இறகுப் பேனா காலம் அது, அந்த மூணு காரணமும் உங்க ஹால்ல இன்னைக்கு உக்காந்திருக்கு. எண்ணிக்கைக்குப் பணம்னா எந்தப் பொண்ணும் கையை மடில வைக்க மாட்டா, பாத்ரூம் போறதையே தள்ளிப்போடுவா. மணிக்கு அஞ்சு நிமிஷம் எல்லாரும் ஒண்ணா எந்திரிக்கற மாதிரி வைங்க, தனித்தனியா விட்டா யாரும் எந்திரிக்க மாட்டாங்க. வொர்க்ரேவ்னு இலவச சாஃப்ட்வேர் இருக்கு, நேரம் வெச்சா ஸ்கிரீன்ல ஞாபகப்படுத்தும். அந்த அஞ்சு நிமிஷத்துக்குக் காசு பிடிக்காதீங்க. வலிக்குதுன்னு முதல் நாளே வந்து சொல்ற பொண்ணைத் திட்டாதீங்க, அவளுக்கு ஒரு வாரம் வேற வேலை குடுத்தா போதும், மறைச்சு வெச்சு ஆறு மாசம் கழிச்சு வந்தா மாசக்கணக்குல ஆகும்.

மகன் பிளஸ் டூ, கேமிங் மவுஸ் கேக்கறான், கைக்கு நல்லதுங்கறான். நிஜமா? – ஒரு அம்மா, திருச்சி

எடை குறைவா இருந்து, கைக்குப் பொருந்தினா கெடுதல் இல்லை. நல்லதுன்னும் சொல்ல மாட்டேன். ஒரு ஆட்டம் முடிஞ்சா எந்திரிச்சு தண்ணி குடிச்சுட்டு வந்துதான் அடுத்த ஆட்டம்னு ஒரு ஒப்பந்தம் போட்டுக்கோங்க. விரல் மரக்குதுன்னு அவன் ஒரு தடவை சொன்னாலும் அலட்சியம் பண்ணாதீங்கம்மா.

வணக்கம்மா. வயசு 53, சிவகாசில 27 வருஷமா டிடிபி. கல்யாணப் பத்திரிகை, காலண்டர் எல்லாம் பண்றேன். வலது கை நாலு வருஷமா மரப்பும் வலியும் இருந்துச்சு, இப்ப வலி நல்லா குறைஞ்சிடுச்சு, மரப்பு மட்டும் எப்பவும் இருக்கு. சட்டை பட்டன் போட முடியலை, வீட்ல போட்டுவிடறாங்க. கட்டைவிரல் அடில சதை கொஞ்சம் குழி விழுந்த மாதிரி இருக்கு. ஆடிப்பெருக்குக்கு காலண்டர் மாதிரிங்க அடங்கின ஆல்பம் வெளியிடணும், அதுவரைக்கும் ஆஸ்பத்திரிக்கு நேரமில்லை. இடது கையால மவுஸ் பிடிச்சு சமாளிக்கலாமா? – வாசகர், சிவகாசி

ஐயா, உங்க கடிதத்தை எடிட்டர்கிட்ட தனியா கேட்டு வாங்கி முதல்லயே பதில் அனுப்பச் சொல்லிட்டேன், இதழ் அச்சாகி வர்ற வரைக்கும் காத்திருக்கக் கூடாதுன்னு. இங்க மறுபடி எழுதறது உங்களை மாதிரி இன்னும் எத்தனை பேர் இருக்காங்களோன்னுதான்.

வலி குறைஞ்சது குணமானதால இல்லைங்கய்யா. வலியைச் சொல்லவும் நரம்புக்குத் தெம்பு வேணும். வலி போய் மரப்பு நிரந்தரமா நின்னு, கட்டைவிரல் மேட்டுச் சதை வத்திப்போகுதுன்னா மீடியன் நரம்பு ரொம்ப நாளா நசுங்கிக் கிடக்குதுன்னு அர்த்தம். இந்தக் கட்டத்துல மவுஸை மாத்தறதும் ஸ்பிளிண்ட் போடறதும் பயிற்சி பண்றதும் எதுவும் போதாது. சர்க்கரை பாத்துட்டு நர்வ் கண்டக்‌ஷன் டெஸ்ட் எடுத்துட்டு சர்ஜனைப் பாக்கணும், பெரும்பாலும் ஆபரேஷன்தான் சொல்வாங்க. பயப்படாதீங்க. கையை மட்டும் மரத்துப்போகச் செஞ்சு, உள்ளங்கை அடில சின்னதா கீறி, நரம்பு மேல மூடியா கிடக்கற அந்தத் தசைநாரை வெட்டி விடுவாங்க, நரம்புக்கு இடம் கிடைச்சிடும். பெரும்பாலும் அன்னைக்கே வீட்டுக்கு வந்துடலாம். ரெண்டு வாரத்துல தையல் பிரிப்பாங்க, லேசான வேலை சீக்கிரமே பாக்கலாம், இறுக்கிப் பிடிக்கற வேலைக்கு இன்னும் சில வாரம் ஆகும். வத்திப்போன சதை முழுசா திரும்புமான்னு யாரும் உறுதி சொல்ல முடியாது, எவ்வளவு சீக்கிரம் பண்றோமோ அவ்வளவு கிடைக்கும், அதனாலதான் இவ்வளவு அவசரப்படுத்தறேன். மதுரை அரசு ராஜாஜி ஆஸ்பத்திரில நரம்பியல் பிரிவு இருக்கு, செலவை நினைச்சுத் தள்ளிப்போட வேண்டாம்.

என் அப்பா தாலுகா ஆபீஸ் வாசல்ல டைப்ரைட்டர் வெச்சு மனு அடிச்சுக் குடுத்தவர். கடைசி வருஷங்கள்ல அம்மாதான் அவருக்கு சட்டை பட்டன் போட்டுவிட்டாங்க, வயசாயிடுச்சுன்னு வீட்ல எல்லாரும் நினைச்சோம், அவரும் அப்படித்தான் நினைச்சார். நான் படிச்சு முடிச்சு இதெல்லாம் தெரிஞ்சுக்கிட்டப்ப அவர் கைல கட்டைவிரல் மேடு தட்டையாயிடுச்சு, டெஸ்ட் எடுத்த டாக்டர் இனி பண்ண ஒண்ணுமில்லைம்மான்னு சொல்லிட்டார். உங்க கடிதத்துல பட்டன்னு படிச்சதும் எனக்கு மேல படிக்க முடியலை.

இடது கை மவுஸைப் பத்திக் கேட்டீங்க, அதையும் சொல்றேன், ஆபரேஷனுக்கு அப்புறமும் உதவும். ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கற சாதா மவுஸ் எடுத்துக்கோங்க, கடைல கிடைக்கற வெர்டிகல் பெரும்பாலும் வலது கைக்குச் செஞ்சது. லிஃப்ட்ல இடது கை மாடல் வருது, எவாலுயன்ட் கம்பெனிலயும் வருது. விண்டோஸ் மவுஸ் செட்டிங்ல மெயின் பட்டனை வலதுக்கு மாத்திடுங்க, அப்ப இடது ஆள்காட்டி விரல்ல கிளிக் விழும். அதே இடத்துல கிளிக்லாக்னு ஒண்ணு இருக்கு, அதைப் போட்டா டிராக் பண்ணும்போது பட்டனை அழுத்திப் பிடிச்சுக்கிட்டே இருக்க வேண்டாம், கோரல்ட்ரா மாதிரி டிசைன் சாஃப்ட்வேர்ல நாள் முழுக்க இழுக்கற உங்களுக்கு அது ரொம்ப ஆறுதலா இருக்கும். முதல் ரெண்டு வாரம் குழந்தை எழுதற மாதிரிதான் வரும், பக்கம் வைக்கறது, படம் நகர்த்தறது மாதிரி பெரிய வேலையை இடது கையால பண்ணிட்டு, கோட்டோட புள்ளிங்களை நகர்த்தி வளைவைத் திருத்தற நுணுக்கமான வேலையை கடைப் பையன்கிட்ட குடுத்துடுங்க. அவன் கத்துக்கட்டும்.

ஆல்பத்தை வேற யாராவது ஒருத்தர் முடிச்சுத் தருவாங்கய்யா. டெஸ்ட் ரிப்போர்ட் வந்ததும் பத்திரிகை முகவரிக்கே எனக்கு ஒரு வரி எழுதுங்க, பாத்துக்கிட்டே இருப்பேன்.